நடுங்கும் பம்பும் நழுவும் நினைவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதயத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. இதயம் ஒரு பம்ப். பம்பைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லாமல் வேறு யாருக்கு? மருந்து எழுதித்தர மட்டும்தான் முடியாது!

அந்தப் பம்பின் மேல் அறைகள் சீராகச் சுருங்கிக் கீழ் அறைகளுக்கு இரத்தத்தைத் தள்ள வேண்டும். சிலருக்கு, பெரும்பாலும் முதுமையில், மேல் அறைகளின் மின்னோட்டம் தாறுமாறாகி நிமிடத்துக்கு 300 முதல் 600 வரை போய்விடுகிறது. அந்த வேகத்தில் தசையால் சுருங்க முடியாது, வெறுமனே நடுங்கும். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர்.

ஓட்டம் நின்ற இடத்தில் வண்டல் தங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? இடது மேல் அறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சின்னப் பை உண்டு. அங்கே இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

பெரிய அடைப்பு என்றால் ஊரே ஓடி வரும். பொடிக் கட்டிகள் மெல்லிய நாளங்களை அடைக்கும்போது கை கால் விழாது, வாய் கோணாது. எம்.ஆர்.ஐ. படத்தில்தான் வடு தெரியும். வடுக்கள் சேரச் சேர, பழகிய தெரு மறக்கிறது, பேரன் பெயர் நழுவுகிறது. நாமும் "வயசாயிடுச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். துடிப்பு சீரில்லாததால் மூளைக்குப் போகும் இரத்தமே குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

என் அம்மாவுக்கு இந்த நோய் உண்டு. சிறு வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வும் சுருங்கியிருக்கிறது. புதிய மாத்திரைகள் எத்தனையோ வந்தும், இவருக்கு வார்ஃபரின்தான் ஏற்றது என்றார் டாக்டர். "எலி மருந்தைப் போய்த் திங்கிறியே அக்கா" என்று ஓர் உறவினர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாத்திரையைக் கண்டாலே அம்மாவுக்குச் சந்தேகம்.

அவர் சொன்னது பொய்யில்லை. கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. ஏன் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் ஆராய்ந்ததில் பிறந்த மருந்து இது. 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கும் அனுமதி கிடைத்தது. பெயரில் உள்ள 'வார்ஃப்' எது தெரியுமா? அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த, 1925-இல் தொடங்கிய, முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் முதலெழுத்துகள்! நம் சங்கப் பொருளாளர் கவனிக்கவும்.

"இதைச் சாப்பிட்டா மறதி வராதாடா?" என்று அம்மா கேட்டார். பக்கவாதத்தைத் தடுக்கும், அது உறுதி. மறதி விஷயத்தில் அவ்வளவு துணிந்து சொல்ல முடியாது. ஸ்வீடனில் நாலு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் 29 சதவீதம் குறைவு. ஆனால் சற்று தெம்பானவர்களுக்கே மாத்திரை எழுதியிருக்கலாம் அல்லவா? 2024-இல் முடிவு வெளியான கனடா நாட்டுச் சோதனையில், பக்கவாத அபாயம் குறைந்த, சராசரி வயது 53 உள்ளவர்களுக்கு ஒரு புதிய மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தச் சோதனை பதில் சொல்லவில்லை. இதையெல்லாம் அப்படியே சொன்னேன். "சரி, பக்கவாதத்துக்காகவாவது போட்டுக்கறேன்" என்றார். ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும் மாதம் தவறாமல் வருகிறார்.

வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். இது வந்து வந்து போகும் குணமுடையது. ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். சாப்பிடும் மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாம்பார் வாசனை வருகிறது.