மென்பொருளில் யார் கையில் எந்தச் சாவி?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்த காலத்தில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் மட்டும் வந்தால் கதவு திறக்காது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே கதைதான்: வவுச்சரைப் பதிவு செய்கிறவர் வேறு, பாஸ் செய்கிறவர் வேறு. இப்போது நம் பராமரிப்புக் கணக்கு மென்பொருளில் ஓடுகிறது. அதில் யாருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி செயற்குழு என்னிடம் கேட்டது.

நான் வெறும் பி.காம். மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து எஸ்.கியூ.எல். சொல்லிக்கொடுத்தாள். பயப்படாதீர்கள், டேபிள் என்பது நம் லெட்ஜர் மாதிரிதான். என்னிடம் இரண்டு டேபிள். ஒன்று மென்பொருளிலிருந்து இறக்கியது: பயனர் எண், பொறுப்பு. ஒருவருக்கு மூன்று பொறுப்பு என்றால் மூன்று வரி. இன்னொன்று, செயற்குழுத் தீர்மானத்தைப் பார்த்து நானே தட்டச்சு செய்தது.

முதல் கேள்வி: பில் பதிவு, பணம் அனுமதி இரண்டும் ஒருவரிடமே இருக்கிறதா? ஒரே வரியில் 'பொறுப்பு பதிவாகவும் இருக்கணும், அனுமதியாகவும் இருக்கணும்' என்று 'அண்ட்' போட்டு எழுதினேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? ஒரு வரியில் ஒரு பொறுப்புதானே இருக்கிறது! பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு செலக்ட், அனுமதிக்கிறவர்களுக்கு ஒரு செலக்ட், நடுவில் 'இன்டர்செக்ட்' என்று மகள் திருத்தினாள். இரண்டிலும் இருப்பவர் மட்டும் வெளியே வருவார். வந்தது ஒரே ஒரு ஆள். யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி: தீர்மானத்தில் இல்லாத யாராவது மென்பொருளில் இருக்கிறார்களா? 'நாட் இன்' என்று எழுதினேன், அதாவது இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள். பதில் பூஜ்யம். எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் சரி என்று செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியும்விட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஏதோ உறுத்தியது. போன வருஷப் பொருளாளருக்கு இன்னமும் மென்பொருளிலிருந்து மெசேஜ் வருகிறது என்று லிஃப்டில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் ஏன் பட்டியலில் இல்லை?

காரணம் நான்தான். சிறப்பு அழைப்பாளர் ஒருவருக்கு இன்னும் பயனர் எண் தரவில்லை. அந்தக் கட்டத்தை காலியாக விட்டிருந்தேன். எஸ்.கியூ.எல். அதை 'நல்' என்கிறது. அது பூஜ்யமும் இல்லை, வெற்றிடமும் இல்லை, 'தெரியாது' என்று அர்த்தம். லெட்ஜரில் பெயர் எழுதாத ஒரு ஃபோலியோ இருக்கும்போது, 'இன்னார் கணக்கு இந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை' என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? அந்த ஃபோலியோ அவருடையதாகவே இருக்கலாமே. கம்ப்யூட்டரும் கையெழுத்துப் போட மறுக்கிறது, ஒருவருக்குக்கூட. அதனால்தான் பூஜ்யம்.

'எக்செப்ட்' போட்டு எழுதியதும் மூன்று பேர் வந்தார்கள்: முன்னாள் பொருளாளர், முன்னாள் செயலாளர், வேலையை விட்டுப் போன மேற்பார்வையாளர். யாரும் தப்பு செய்யவில்லை; எடுக்கவேண்டும் என்று நமக்குத்தான் தோன்றவில்லை. (உங்கள் ஆபீஸில் பழைய மைஎஸ்கியூஎல் என்றால் இந்த இரண்டு சொல்லும் இருக்காது, 8.0.31-இல்தான் சேர்த்தார்கள். ஆரக்கிள்காரர்களுக்கு எக்செப்டை விட 'மைனஸ்' பழக்கம்.) டேபிள்களை இடம் மாற்றியும் ஓட்டவேண்டும். அப்படி ஓட்டியபோது, இணைச் செயலாளருக்கு இன்னும் அனுமதியே தரவில்லை என்பது தெரிந்தது.

அந்த மூன்று பேரின் அனுமதியும் அன்றே நீக்கப்பட்டது.

முதல் கேள்வியில் வந்த அந்த ஒரு ஆள் நான். தீபாவளி சமயத்தில் கைக்கு உதவியாக பில் பதிவு செய்யச் சொன்னார்கள். கூடவே அனுமதியும் வந்துவிட்டது. என் அனுமதியை எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டேன். இனி பில்லை நான் பதிவு செய்தால் பாஸ் செய்ய இன்னொருவர் வேண்டும். லிஃப்ட் பராமரிப்பு பில் காத்திருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.