காயத்துக்கும் வலிப்புக்கும் இடையிலான நாட்கள்



அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் அண்ணன் ஜான், 1842 ஜனவரி தொடக்கத்தில் சவரக்கத்தியைத் தீட்டும்போது விரலில் கீறிக்கொண்டார். 11ஆம் தேதி தாடை பூட்டி, உடல் விறைத்து இறந்தார். சின்னக் கீறல்தான். அதைவிடப் பெரிய காயம்பட்ட ஒருவருக்கு அடிபட்ட காலில் மட்டும் சில வாரம் தசை இறுகி, பிறகு தளர்ந்துவிடுவதும் உண்டு. இரண்டும் டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னியே. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிராணவாயு எட்டாத இடத்தில்தான் முளைக்கும். ஆகவே காயத்தின் நீளத்தைவிட அதன் ஆழமும், உள்ளே செத்துப்போன தசையும், தங்கிவிட்ட சிராயும் முக்கியம். துருவைத்தான் எல்லோரும் பழிக்கிறோம். துருவில் நஞ்சு கிடையாது. கிருமி காயத்தைவிட்டு நகர்வதில்லை. அது சுரக்கும் நஞ்சுதான் புறப்பட்டுப் போகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் இருந்தாலே உயிர் போய்விடும்.

நரம்பு முனைகளில் நுழைந்த நஞ்சு, நரம்பிழை வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு அங்கே கடிவாளம் போட்டிருக்கும் நரம்பணுக்கள் உண்டு. கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களை வெளியிட்டு அவற்றை அடக்கிவைப்பவை அவை. அந்த வெளியீட்டுக்கு வேண்டிய புரதத்தை நஞ்சு வெட்டிவிடுகிறது. அதன்பின் கதவு சாத்தும் ஓசை, முகத்தில் விழும் வெளிச்சம், செவிலியர் கைபட்டது, எதுவானாலும் உடம்பெங்கும் வலிப்பு எழும். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். ஒவ்வொரு வலிப்பையும் நோயாளி விழிப்போடு அனுபவிக்கிறார். மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டே ரண ஜன்னி வார்டுக்குள் நுழைய வேண்டும்.

நஞ்சு இரத்தத்தில் கலந்து எல்லா நரம்பு முனைகளையும் அடைகிறது. தாடைக்குப் போகும் நரம்பு குட்டை, காலுக்குப் போவது நீளம். அதனால்தான் தாடை முதலில் பூட்டுகிறது, பிறகு கழுத்து, முதுகு, வயிறு என்று இறுக்கம் இறங்குகிறது.

கடுமையை முன்னறிவிப்பவை இரண்டு இடைவெளிகள். காயம்பட்டதிலிருந்து முதல் அறிகுறி வரை ஒன்று. பெரும்பாலும் 3 முதல் 21 நாட்கள். முதல் அறிகுறியிலிருந்து முதல் வலிப்பு வரை மற்றொன்று. நம் நாட்டு மருத்துவர்கள் படேலும் ஜோகும் 1959இல் இவற்றை வைத்தே ஒரு தரவரிசை வகுத்தார்கள். முதலாவது ஒரு வாரத்துக்குள், இரண்டாவது 48 மணி நேரத்துக்குள் என்றால் ஆபத்து அதிகம். தாடைப்பூட்டு, வலிப்பு, காய்ச்சல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தெர்மாமீட்டரும் பொறுமையான விசாரிப்பும் இருந்தால் எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்துவிடலாம். இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். நாட்கள் இப்படிப் பேசுவதற்குக் காரணம், நஞ்சு மிகுந்தால் அதிக நரம்புகளை விரைவாகப் பிடித்துக்கொள்வதுதான். பழைய தடுப்பூசியின் எதிர்ப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அது நஞ்சில் ஒரு பகுதியை வழியிலேயே மடக்கிவிடும். நோய் ஓர் உறுப்போடு நின்றுவிடுவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

மிகக் கடுமையான நிலையில் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஆளும் தன்னியக்க நரம்புகளும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். செயற்கைச் சுவாசம் வந்தபின் பல உயிர்களைக் கொண்டுபோவது இந்தக் கொந்தளிப்புதான். கொழும்பில் அட்டிகல, ரொட்ரிகோ என்ற மருத்துவர்கள் மக்னீசியம் சல்பேட்டைக் கொண்டு வலிப்பையும் இந்தக் கொந்தளிப்பையும் தணிக்க முயன்று, 1990களிலிருந்து தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். வெண்டிலேட்டர் அரிதான நாடுகளுக்கு அது பெரும் வழிகாட்டுதல்.

நஞ்சு முறிவு ஊசி இன்னும் நரம்புக்குள் புகாத நஞ்சைத்தான் முறிக்கும். உள்ளே போனதை எட்டாது. புது நரம்பு முனைகள் வளர்ந்தால்தான் இறுக்கம் தளரும்; அதற்கு வாரக்கணக்காகும். அத்தனையும் கடந்து எழுந்த நோயாளிக்கும் தடுப்பூசித் தொடரைத் தொடங்கியாக வேண்டும். உயிரைக் குடிக்கப் போதுமான நஞ்சுகூட, உடல் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்ளப் போதாத அளவு சிறியது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வரலாம்.