என்பும் உலோகமும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் மழைக்காலத்து மலைப்பாதை எத்தகையதென்பதைக் கொழுந்து கொய்வோர் நன்கறிவர். முதுகிலே கூடை கனக்க, காலடியிலே மண் வழுக்க, சரிவில் விழுந்து இடுப்பு மூட்டு முறிந்தவர்களும் உளர். அத்தகையோருட் சிலருக்கு உலோக மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. உயிரற்ற உலோகத்தோடு உயிருள்ள என்பு எவ்வாறு கூடுகிறது?

1952 ஆம் ஆண்டளவில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் பிரனமார்க், முயலின் காலென்பிலே தைத்தேனியத்தாலான சிறு கருவியைப் பதித்துக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். பின்னர் கருவியைக் கழற்ற முனைந்தபோது அது வரவில்லை. என்பு அதனை இறுகப் பற்றியிருந்தது!

வெறும் உலோகத்தை என்பு பற்றுவதற்கு நாட்செல்லும். அதனை விரைவுபடுத்தவே பூச்சு வந்தது. நம் என்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு கனியப் பொருள்; அது ஐதரொட்சி அபற்றைற்று எனும் கல்சியம் பொசுபேற்றை ஒத்தது. அப்பொருளின் தூளைக் கடுஞ்சூடான பிளாஸ்மாச் சுடரில் உருக்கி உலோகத்தின்மேல் மெல்லிய படையாகத் தெளிப்பர். உடலினுள்ளே அப்படை சிறிது சிறிதாகக் கரைந்து கல்சியத்தையும் பொசுபேற்றையும் விடுவிக்க, என்பாக்கும் கலங்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன. 1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் இவ்வாறு பூசிய இடுப்பு மூட்டுகள் நோயாளருக்குப் பொருத்தப்பட்டன.

இவ்விடத்தில் ஒன்று கூறாதிருக்க முடியவில்லை. 1971 இல் எப்பாவலவிலே கண்டறியப்பட்ட அபற்றைற்றுப் பாறை, இந்த என்புக் கனியத்துக்கு உறவுடையது. அதன் தூளையே தேயிலைக்குப் பசளையாக இடுகிறோம். அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து வேருக்கு உணவாகிறது. தைத்தேனியத்தின் மூலமான இல்மனைற்றோ புல்மோட்டைக் கடற்கரை மணலிலே கிடைக்கிறது. மருத்துவத்துக்கான தூய்மையை எட்ட இரண்டுக்கும் நெடுந்தூரம் உண்டு என்பது வேறு கதை.

எல்லா நோயாளருக்கும் இப்பூச்சு பொருந்தாது. என்பு நலிந்த முதியோருக்கு மூட்டைச் சீமெந்துப் பசையால் நிலைநிறுத்துவதே பெரும்பாலும் உகந்தது. பூசிய மூட்டுக்கோ தொடக்கக் கிழமைகளே கண்டமான காலம். உலோகம் ஒரு மில்லிமீட்டரில் 0.15 பங்களவு அசைந்துகொண்டிருந்தாலும் அங்கே என்பு வளராமல் நாரிழையம் வளர்ந்துவிடக்கூடும். மூட்டுத் தளர்ந்து, நடக்கும்போது வலியெடுக்கும். நாட்சம்பளத்தை நம்பியவர், வலி தணிந்ததே போதுமென்று கூடையைத் தூக்கும் இடம் இதுதான். ஆகையால், எத்தனை கிழமை மலையேறலாகாது, எவ்வளவு சுமை தூக்கலாகாது என்பதை வைத்தியரிடம் எழுத்திலே பெற்று, வேலைக்குத் திரும்புமுன்னரே தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள்.