பிள்ளைகளின் பருவம் பிள்ளைகளுக்கே

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுவை முடித்து, களைப்பையும் பாராமல் இங்கே கூடியிருக்கின்றீர்கள். ஆதலால் நேரத்தை நீட்டாமல் பொருளுக்கு வருகிறோம். சிறு பிள்ளைகளையுடைய ஒரு குடும்பம் பள்ளி நாட்களை எவ்வாறு நடத்த வேண்டும், விடுமுறை நாட்களை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கேட்கிறோம். ரப்பர்க் கன்றை நட்ட மறு ஆண்டே அதில் யாரேனும் கத்தி வைப்பதுண்டா? இல்லை. களை எடுக்கிறோம், உரமிடுகிறோம், ஐந்து ஆறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வந்த பிறகே அதனை வெட்டுக்கு எடுக்கிறோம். பருவம் வருமுன் வெட்டிய மரம் பருப்பதில்லை என்பதை உங்களுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. மரத்திற்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும் காட்டுகிறோமா என்பதே கேள்வி.

தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவது, மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பையனை நிரைக்கு அழைத்துச் செல்வது, உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக மூன்று நாள் பள்ளியை மறப்பது ஆகிய யாவும் பருவம் வராத மரத்தில் கத்தி வைப்பதே ஆகும்.

பள்ளி நாளின் மதிப்பு

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கியது. தோட்டங்களில் அது வேரூன்றச் சட்டமும் துணை நின்றது. 1923ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஆயினும் அக்காலத்தில் பள்ளி இருந்தும் பல பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே நின்று, நிரைக்குச் சென்றுவிட்டார்கள். பள்ளிக் கதவு திறந்திருந்தது. பிள்ளையின் நேரந்தான் பிள்ளைக்குச் சொந்தமாக இல்லை.

இன்று நிலைமை வேறு. 2003 ஜனவரி 1 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்தைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. பெயரைப் பதிவு செய்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையே வற்புறுத்த விரும்புகிறோம்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பள்ளி வாரங்கள். ஆகவே 40 நாட்கள் இழப்பு. ஆறு ஆண்டுகளில் 240 நாட்கள். அது ஒரு முழுப் பள்ளியாண்டுக்கும் மேல்! ஆறு ஆண்டு படித்ததாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, உண்மையில் ஐந்து ஆண்டுகூடப் படிக்கவில்லை. அதிலும் கணக்குப் பாடம் ஏணிப்படி போன்றது. வகுத்தல் தொடங்கும் நாளில் வராத பிள்ளை, மறுநாள் வந்தாலும் கீழ்ப்படியிலேயே நிற்கும். பிறகு “படிப்பு ஏறவில்லை” என்று பிள்ளையின் மேல் பழி விழும்.

கைக்குழந்தைக்காக மூத்த பெண்ணை நிறுத்தும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மகப்பேற்று விடுப்பு 98 நாட்களாகவும், தந்தைக்குரிய விடுப்பு 7 நாட்களாகவும் ஆக்கப்பட்டுள்ளன. அந்த நாட்களில் குழந்தையைப் பார்க்கத் தாய் வீட்டில் இருக்கின்றாள். பிறகு தாய் வேலைக்குத் திரும்பும்போது, ஆயாக் கொட்டகை உள்ள தோட்டத்தில் குழந்தையை அங்கே விடலாம். இல்லாத தோட்டத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வேலைக்குச் செல்லாத ஒரு பாட்டியிடம் ஒழுங்காக ஏதேனும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். எட்டு வயதுச் சிறுமியைத் தாயாக்க வேண்டியதில்லை.

காலை எவ்வாறு, மாலை எவ்வாறு?

தோட்டக் குடும்பத்தின் பெருஞ்சிக்கல் காலை நேரம். பால் நன்கு வடிவது குளிர்ந்த விடியற்காலையில்தான். ஆகவே பிள்ளை கண் விழிக்கும் வேளையில் பெற்றோர் இருவரும் வீட்டில் இருப்பதில்லை. முகம் கழுவாமல், வயிற்றுக்கு ஒன்றுமில்லாமல் வகுப்பறைக்கு வரும் பிள்ளை பத்து மணிக்குள் தூங்கி விழுகின்றது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் என்ற முறையில் இதனை நாம் நேரிலேயே அறிவோம்.

இதற்கு வழி முதல் நாள் இரவிலேயே இருக்கின்றது. சீருடை, காலணி, புத்தகப் பை மூன்றையும் இரவே எடுத்து வைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். ஒன்பது மணிக்குள் உறங்கச் செய்யுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் பிள்ளையோடு படுக்கைக்குப் போகக் கூடாது. காலையில் உண்ண ஏதேனும் ஒன்று, ரொட்டியோ அவித்த முட்டையோ, மூடி வைத்துவிட்டுச் செல்லுங்கள். அடுத்த வீட்டு அக்காளிடமோ தாத்தாவிடமோ எழுப்பிவிடச் சொல்லுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டம் உண்டு; தலைமையாசிரியரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மாலையில் நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும், நாங்களே அதிகம் படிக்கவில்லையே என்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யக் கூடிய மூன்று காரியங்கள் உள்ளன. முதலாவது, பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது. தயங்கித் தயங்கிப் படிக்கிறதா, தடையின்றிப் படிக்கிறதா என்பது காதுக்குத் தெரியும். இரண்டாவது, பாட ஏட்டை விரித்துப் பார்ப்பது. வெறும் பக்கம் எத்தனை, ஆசிரியரின் சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, “இன்று என்ன கற்றாய்?” என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருப்பது. இவற்றிற்கு அரை மணி நேரம் போதும். தந்தைமார்களே, இந்த அரை மணி தாய்க்கு மட்டும் உரியதன்று. கடைத்தெருவில் கழியும் மாலைப் பொழுதில் அரை மணியைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் இப்போது மிக முக்கியம். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத் தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் மீதிருந்த சுமை குறைந்தது நன்றே. ஆனால், தேர்வு முடிவு வந்து பிள்ளையின் நிலையைச் சொல்லும் என்று காத்திருந்த பெற்றோருக்கு இனி அந்த மணி அடிக்காது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை, யார் கண்ணிலும் படாமல் இடைநிலைப் பள்ளி வரை சென்றுவிடக் கூடும். ஆகவே ஆசிரியரைச் சந்திக்க அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். அழைப்பு வராவிட்டாலும் செல்லுங்கள். “என் பிள்ளை தமிழும் மலாயும் தடையின்றிப் படிக்கின்றதா?” என்று இரண்டாம் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள்.

விடுமுறையும் ஒரு பள்ளியே

இனி விடுமுறைக்கு வருவோம். பெருந்தொற்றுக் காலத்தில் இடம் மாறிய பள்ளியாண்டு, 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குகின்றது. ஆகவே நீண்ட விடுமுறை பழையபடி ஆண்டிறுதியில் வருகின்றது. நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியே இல்லை. நமக்கு விடுமுறைக் காலம் மழைக்காலமே.

இதில் தோட்டக் குடும்பத்திற்கு ஒரு நெருக்கடி உண்டு. தீபாவளிச் செலவு முதலில் வருகின்றது. பிறகு மழை, மழை நாளில் வெட்டில்லை, வருமானம் குறைகின்றது. அடுத்து விடுமுறை. அது முடிந்தவுடன் புதிய ஆண்டின் சீருடை, காலணி, புத்தகப் பை. நான்கும் அடுத்தடுத்து வந்து கையைக் கடிக்கின்றன. பாடநூல்களை இரவல் திட்டத்தில் பெறலாம் என்பது சற்றே ஆறுதல். மற்றவற்றுக்கு நாம்தான் முன்கூட்டி வழி செய்ய வேண்டும். இலையுதிர் காலம் கழிந்து பால் பெருகும் மாதங்களில் வாரம் 6 வெள்ளி எடுத்து வைத்தால் 30 வாரங்களில் 180 வெள்ளி சேரும். அதில் முதற்பங்கு சீருடைக்கு, மிஞ்சுவது பயணத்திற்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பயணம் வீண் செலவு என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. தோட்டத்து எல்லையைத் தாண்டாத பிள்ளைக்குப் பாடநூலில் உள்ள அருங்காட்சியகமும் துறைமுகமும் வெறும் சொற்களே. கண்ணால் கண்ட பிள்ளைக்கு அவை பொருள்களாகின்றன. பல குடும்பங்கள் சேர்ந்து பேருந்து அமர்த்திப் பத்துமலைக்குச் செல்வது நம் வழக்கம். செல்லுங்கள். 272 படிகளையும் பிள்ளைகளே எண்ணிக்கொண்டு ஏறட்டும். கணக்கும் ஆயிற்று, வழிபாடும் ஆயிற்று. அதே நாளில் கோலாலம்பூரில், 1963இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தையும் காட்டலாம்.

வடக்கே செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் வண்டியைச் சிறிது நிறுத்துங்கள். 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்த கன்றுகளிற் சில மறு ஆண்டு இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் 1877இல் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரியால் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால மரங்களுள் ஒன்று அவ்வூர் அரசு அலுவலகத்தின் அருகே பாதுகாக்கப்பட்டு வருகின்றது. தன் தாயும் தந்தையும் நாள்தோறும் வெட்டும் மரத்தின் மூதாதையை ஒரு பிள்ளை தொட்டுப் பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி என்பவர் ஆராய்ந்து கண்ட செய்தியையும் அங்கேயே சொல்லுங்கள். “அந்தக் கைத்திறன் உன் அம்மாவிடம் இருக்கிறது” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோரின் தொழிலை எண்ணித் தலை குனியும் பிள்ளை நன்றாகப் படிப்பதில்லை. அதன் அருமையை அறிந்த பிள்ளைக்கே நிமிர்வு உண்டாகும்.

அங்கிருந்து தைப்பிங் தொலைவில்லை. 1885இல் இந்நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்தே போடப்பட்டது. இரயில் பாதைகளை அமைப்பதில் நம் முன்னோர் பலர் உழைத்தனர் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அவ்வூர் ஏரிப் பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ணலாம். பிள்ளைகள் ஓடியாடக் காசு கேட்பாரில்லை.

பயணத்தில் பாதுகாப்பையும் மறத்தலாகாது. 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது கட்டாயம். வார் இருக்கின்றதா என்று வண்டி பேசும்போதே கேளுங்கள். ஒரு நாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்த இரவு முழுவதும் ஓட்டுநரை ஓட்டச் சொல்லாதீர்கள். மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது தந்தை தலைக்கவசம் அணிந்து, பின்னால் இரண்டு பிள்ளைகளை வெறுந்தலையோடு ஏற்றுவதை நாம் தோட்டந்தோறும் காண்கின்றோம். பிள்ளையின் தலை அவ்வளவு மலிவா?

பயணம் செய்ய இயலாத ஆண்டும் வரும். அதற்காக வருந்த வேண்டாம். பக்கத்து நகரத்து நூலகத்தில் ஒரு முற்பகல், பாட்டியிடம் பழைய தோட்டக் கதைகள் கேட்கும் ஒரு மாலை, தந்தையோடு காய்கறித் தோட்டத்தில் ஒரு நாள் ஆகியவையும் பயணங்களே. ஆனால் விடுமுறையில் சிறு உதவி செய்வது வேறு, வேலைக்காரனாவது வேறு. 15 வயது நிரம்பாதவரைத் தொழிலாளியாக்கலாகாது என்பதே 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் வேலைச் சட்டத்தின் நோக்கம்.

பெருமக்களே, நம் வேண்டுகோள் மிகச் சிறியது. பள்ளி நாளைப் பள்ளிக்கே விடுங்கள். மாலையில் அரை மணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். விடுமுறையைப் பள்ளி நாட்களில் தேடாமல் விடுமுறையிலேயே கொண்டாடுங்கள். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில தோட்டங்கள் இல்லாமலே போய்விட்டன. நாளைக்கு இந்த மரங்கள் எங்கே நிற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பிள்ளை கற்ற எழுத்தை மட்டும் எவரும் வெட்டிச் சாய்க்க முடியாது. நாளைக் காலை நிரைக்குப் புறப்படுமுன், இன்றிரவே அந்தப் புத்தகப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.