கம்ப்யூட்டரா, சாஃப்ட்வேரா? பேரைப் பார்க்காதீங்க, உள்ளே பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். இன்ஜினியரிங் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும் என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "உன் மகளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி நீ நாலு இடத்துல விசாரிச்சியே, அதைச் சொல்லு. ரிசல்ட் வந்தா இங்க இருக்கிற பாதிப்பேர் அதைத்தான் கேக்கப்போறாங்க" என்றார்கள். அதனால் பேச வந்தேன்.

என் மகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தாள். 2023-ல் பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் 86, இயற்பியலில் 80, வேதியியலில் 84. கட்-ஆப் போடுவது சுலபம். கணக்கு மார்க் அப்படியே 86, இயற்பியலில் பாதி 40, வேதியியலில் பாதி 42. மொத்தம் 200-க்கு 168.

அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. அந்த நேரத்தில் சொந்தக்காரர் மூலமாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். "கம்ப்யூட்டர் பழைய படிப்பும்மா. இப்ப சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்னு அஞ்சு வருசப் படிப்பு இருக்கு. அதுக்குத்தான் வேலை. மேனேஜ்மென்ட் சீட்டு, இந்த வாரமே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டணும்" என்றார். என் மாமியாரோ, "அஞ்சு வருசமா? முடிக்கையில பிள்ளைக்கு இருபத்திரெண்டு ஆயிரும், பிறகு எப்பக் கல்யாணம் பண்ண?" என்றார்கள். எங்க வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறார். தீபாவளி முடிந்தால் சில வாரம் கம்பெனி பூட்டிக் கிடக்கும், மழை பெய்தாலும் வேலை கிடையாது. எங்களிடம் இருந்தது என் கழுத்துச் செயின் ஒன்றுதான்.

குழுக் கூட்டத்தில் ஐம்பதாயிரம் உள்கடன் கேட்டேன். எங்க ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டைத் திறக்கவில்லை. "கடன் தர்றோம். கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன வித்தியாசம்னு மொதல்ல விசாரிச்சுட்டு வா. இது பதினெட்டுப் பேரோட சேமிப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் போனில் கேட்டேன். கலந்தாய்வு சேவை மையத்திலும் போய் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு விளங்கியதை நம்ம ஊர் வேலையை வைத்தே சொல்கிறேன்.

பட்டாசில் மருந்து ஏன் எரிகிறது, எந்த உப்பைச் சேர்த்தால் பச்சை வரும், எதைச் சேர்த்தால் சிவப்பு வரும் என்று அடிப்படை தெரிந்தவர் ஒருவர். ஃபோர்மேன் வேறொருவர். அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கலக்கிய மருந்து மிச்சம் இருக்கக் கூடாது, திரி சரியாக இருக்கிறதா, சரக்கு தேதிக்குள் போகுமா என்று மொத்த வேலையையும் பார்ப்பவர் அவர். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் ஆள் மாதிரி: கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது, புரோகிராம் எப்படி ஓடுகிறது என்ற அடிப்படை. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ஃபோர்மேன் வேலை மாதிரி: பல பேர் சேர்ந்து ஒரு பெரிய புரோகிராமைத் திட்டம் போட்டு எழுதி, சோதித்து, தப்பு வராமல் காப்பாற்றுவது.

இந்தப் பெயரே பெரிய பழசு இல்லை. 1968-ல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நடந்த மாநாட்டுக்கு 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்று தலைப்பு வைத்த பிறகுதான் எல்லா இடத்துக்கும் பரவியது. பெரிய புரோகிராம்கள் நேரத்துக்கு முடியாமலும் பிழையோடும் வந்ததுதான் அதற்குக் காரணம். அந்தக் காலத்திலேயே இந்தப் பெயரைச் சொல்லி இந்த வேலைக்கு மரியாதை கேட்டவர் ஒரு பெண். மார்கரெட் ஹாமில்டன். நிலாவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ விண்கலத்தின் புரோகிராம் வேலைக்குத் தலைமை தாங்கியவர். அவரும் நம்மைப் போலச் சின்னப் பிள்ளையை வேலை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்தான். அந்தப் பிள்ளை விளையாட்டாக ஒரு பட்டனை அழுத்த, பயிற்சி எந்திரம் நின்றுவிட்டது. விண்வெளி வீரரும் இப்படி அழுத்திவிட்டால் என்ன ஆகும், அதற்கு ஒரு தடுப்பு எழுத வேண்டும் என்றார் தாய். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், தப்புப் பண்ண மாட்டார்கள் என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 போனபோது வீரர் ஒருவர் அதே தப்பைச் செய்தார்.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கை தவறும் என்று முன்கூட்டியே நினைத்து வேலை செய்வது. அதன் அருமை நம்ம சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பெண்களுக்குத் தெரியாதா?

அப்படியானால் சாஃப்ட்வேர்தானே எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். டீச்சர் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டினார்கள். அதில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள்ளேயே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ஒரு தாளாக இருந்தது. பி.டெக். ஐ.டி. என்பது இதற்கு ஒட்டின அக்கா தங்கச்சி. அந்தப் பாடத்திட்டத்தில் ரெண்டுக்கும் முதல் வருசம் பைத்தான், சி என்று ஒரே மாதிரிதான் போனது. பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸில் கம்பைலர் மாதிரி அடிப்படைத் தாள் வந்தது, ஐ.டி.யில் வெப்சைட் கட்டுகிற தாள்கள் கூட வந்தன. எந்திரத்தையே உண்டாக்கும் ஆசை இருந்தால் அதற்கு ஈ.சி.இ. இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் போடுவார்கள், அதை அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சாஃப்ட்வேர் பெயரில் ஐந்து வருட எம்.எஸ்சி. படிப்பு நல்ல கல்லூரிகளிலும் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ் நடக்கிறது. அந்தப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. பாடத்தில் இருக்கும் வித்தியாசம் சின்னது. வருசத்திலும் பணத்திலும் இருக்கும் வித்தியாசம் பெரியது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

பணக் கணக்கைக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கினால் இது கிடையாது. அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டியிருந்தால், இலவசமாகப் படிக்கும் உரிமையைக் காசு கொடுத்து விட்டிருப்போம். வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வருகிறது. அந்தத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 5. சரியாகப் பத்து வருசத்துக்கு முன்னால், 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து நடந்த நாள். அந்தத் தேதியை நம்ம பகுதியில் யாரும் மறக்க முடியாது. நம்ம பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நாம் ஏன் இவ்வளவு அலைகிறோம் என்பதற்கு இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கல்லூரி வரிசை போடுவது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். மேலே இருப்பதில் இடம் இருந்தால் அதுதான் கிடைக்கும், கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். கல்லூரிக்கு ஒரு எண், பாடத்துக்கு ஒரு எழுத்துக் குறியீடு. அதை மாற்றிப் போட்டால் வேறு பாடம் வந்துவிடும். நாங்கள் முதலில் நோட்டில் எழுதினோம். நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே கல்லூரியில் ஐ.டி., அதற்குப் பிறகுதான் அடுத்த கல்லூரி. பாடத்தின் பெயருக்காகச் சுமாரான கல்லூரியை மேலே ஏற்றவில்லை. வரிசையை மகள்தான் போட்டாள். நான் பஸ் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் பக்கத்தில் எழுதினேன்.

நம்ம மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் ஐ.டி. கிடைத்தது. பாப்பாவுக்கு இரண்டு நாள் முகம் வாடித்தான் இருந்தது. "ரெண்டும் அக்கா தங்கச்சின்னு நீதானே சொன்னே" என்று பிறகு அவளே சிரித்தாள். என் செயின் கழுத்திலேயே இருக்கிறது. குழுவில் ஐம்பதாயிரத்துக்குப் பதில் லேப்டாப் வாங்க இருபதாயிரம் உள்கடன் எடுத்தேன், மாசா மாசம் கட்டி முடித்துவிட்டேன். மாமியாருக்கு இப்போது பேத்திதான் போனில் பென்சன் வந்ததா என்று பார்த்துச் சொல்கிறாள். கல்யாணப் பேச்சை அவர்கள் விடவில்லை, "படிச்சு முடிக்கட்டும்" என்பதை மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.

தங்கச்சிமார்களே, உங்கள் வீட்டுக்கு யாராவது பாடத்தின் பெயரைச் சொல்லி அட்வான்ஸ் கேட்டு வந்தால் இந்த ஐந்தைக் கேளுங்கள். எத்தனை வருசம்? கலந்தாய்வு சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா? 7.5 சதவீதமோ முதல் பட்டதாரி சலுகையோ இதற்குக் கிடைக்குமா? நாலு வருசமும் என்னென்ன தாள், எழுத்தில் காட்ட முடியுமா? ஐந்தாவதை வந்தவரிடம் கேட்காதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள்: உனக்கு எது பிடிச்சிருக்கு?

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். ரிசல்ட் வரும் மாதத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு நாள், கல்லூரியில் படிக்கும் நம்ம பிள்ளைகளையே உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளுக்கு வரிசை போட உதவ வேண்டும். என் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தீர்மான நோட்டில் முதல் பெயராக அவள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.