சொல்லாலும் துன்புறுத்தாமை
(பட்டுக்கோட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையே அகிம்சை. எறும்பை மிதியாது நடக்கக் கற்ற நம் பிள்ளைகள், உடன் பயிலும் சிறுவனின் மனத்தை மிதிக்கலாகாது அல்லவா?

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் காயமுற்றார். பிடிபட்டவர்களுள் அவருடன் ஒரே பள்ளியில் பயின்ற சிறுவர்களும் இருந்தனர். அவர்கள் சாதியின் பெயரால் இழைத்த தொல்லையைத் தாங்காமல் அம்மாணவர் முன்னரே சில நாள் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். பள்ளியில் அவர் முறையிட்டதே தாக்குதலுக்குக் காரணமாயிற்று.

இதனையடுத்து நீதியரசர் சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிகளில் மாணவர் நல அலுவலர்களை நியமிக்கவும் பரிந்துரைத்தது. அம்மாணவரோ அவ்வாண்டுப் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவர் மீண்டார், எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு மீள்வதில்லை.

அரிவாள் ஒரே நாளில் ஓங்கப்படுவதில்லை. பட்டப்பெயரில் தொடங்கி, நிறத்தையும் உருவத்தையும் எள்ளுவதில் அது வளர்கிறது. நான் ஆசிரியனாக இருந்தபோது ஒரு சிறுவன், பேருந்தில் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அழுதான். "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்கள், பெரிதுபடுத்தாதே" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவன் பள்ளியை விட்டே நின்றுவிட்டான். அவனை அடித்தவன் நானல்லேன். எனினும் அந்த இம்சையில் எனக்கும் பங்குண்டு.

பெற்றோர்களே! காலையில் வரும் காரணமற்ற வயிற்றுவலி, உண்ணாமல் திரும்பும் உணவு, கிழிந்த புத்தகம், திடீர் மௌனம் ஆகிய இவை பிள்ளைகள் நமக்கு எழுதும் கடிதங்கள். கடிந்துகொள்ளாமல் படியுங்கள். சிறுவர் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் இலவச எண்கள் உள்ளன. நம் பிள்ளையே பிறரைத் துன்புறுத்துகிறான் என்று கேள்வியுற்றால், பரிந்து பேசாமல் விசாரியுங்கள்.

மாணவச் செல்வங்களே! மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு நன்னாளை வைத்திருக்கும் மரபு நமது. அந்நாள் வரும்வரை காத்திராமல், நாளைக் காலையே உங்களால் நொந்த தோழனிடம் சென்று மன்னிப்புக் கேளுங்கள். எனக்கோ, கேட்க வேண்டிய அந்தச் சிறுவன் இன்று எங்கிருக்கிறான் என்றே தெரியவில்லை.