வீடா, வண்டியா?

அகலம் 8 அடி 6 அங்குலம். உயரம், சக்கரத்தையும் சேர்த்து, 13 அடி 6 அங்குலம். நீளம் பெரும்பாலும் 20லிருந்து 28 அடி. அமெரிக்காவில் 'டைனி ஹவுஸ்' என்று சொல்லப்படும், சக்கரம் வைத்த சின்ன வீட்டின் அளவு இது. உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்னக் குளியலறை, இழுப்பறைகளே படிகளாக அமைந்த மாடிப்படி. ஏறினால் பரண். பரண்தான் படுக்கையறை, அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும்.

எட்டரை அடி அகலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தனி அனுமதி வாங்காமல் சாலையில் இழுத்துச் செல்ல அவ்வளவுதான் இடம். ஆக, இந்த வீட்டின் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது நெடுஞ்சாலைச் சட்டம்.

சரி, வீட்டுக்கு ஏன் சக்கரம்? ஊர் ஊராகச் சுற்றவா? பலருடைய வீடு வருடக்கணக்கில் நகர்வதே இல்லை. 1999இல் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் சுமார் நூறு சதுர அடியில் தனக்கொரு வீடு கட்ட நினைத்தார். ஒரு வீடு குறைந்தது இவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றது விதி. அவர் வீட்டை டிரெய்லர் மேல் கட்டினார். சட்டத்தின் கண்ணுக்கு அது வீடு அல்ல, வண்டி. வண்டிக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது. அவர் வழியில் பலரும் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஒரு சிக்கல் தீர்ந்தது, இன்னொன்று பிறந்தது. வண்டி என்றால் நிறுத்தி வைக்கலாம். அதில் குடியிருக்கக் கூடாது என்கின்றன பெரும்பாலான ஊர்களின் மண்டல விதிகள். மண்டல விதி என்பது, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், யார் எப்படி வாழலாம் என்று நகராட்சி வகுக்கும் சட்டம். அதற்கு 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியது. ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாந்து பக்கத்திலிருக்கும் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கு அது. தனி வீடுகள் உள்ள தெருவில் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தால் அது வெறும் ஒட்டுண்ணி என்கிற அளவுக்கு அந்தத் தீர்ப்பு பேசியது. சிறியதில், நெருக்கமானதில் வாழ்கிறவர்கள் மேல் அன்று விழுந்த அந்தப் பார்வை இன்னும் முழுதாக விலகவில்லை என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் போதும், ஆய்வாளர் வருவார், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அதனால் பலர் நண்பர் வீட்டுக் கொல்லையில், வேலிக்குப் பின்னால், சத்தமில்லாமல் வாழ்கிறார்கள். பெரிய வீட்டிலிருந்து புல்வெளியில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் ஓடும். மழையில் நனையும். அந்த வயர் தாங்குமா என்று ஒரு அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது; கேட்டால் வீடு போகும். பாதுகாப்புக்காகப் போட்ட தடைதான் இந்த ஆபத்தை உண்டாக்குகிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான்.

நான் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது. அக்கறையோடு எழுதிய விதியும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதித் தொகுப்பில், 400 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்கள். பரணில் தூங்குகிறவர் தீ விபத்தில் கூரை ஜன்னல் வழியே தப்ப வேண்டுமானால், அந்தத் திறப்பின் அடி விளிம்பு பரணின் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. புகை நிறைந்த இருட்டில், மண்டியிட்டபடி கையை நீட்டும் ஒரு மனிதரை நினைத்துப் பார்த்து எழுதிய வரி. ஆனால் அந்தப் பின்னிணைப்பு அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டுக்கு மட்டுமே. அதுவும் மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் செல்லும்.

சில ஊர்கள் தாமே வழி திறந்தன. டெக்சாஸில் ஸ்பர் என்ற சிற்றூர் 2014இல் சின்ன வீட்டுக்காரர்களை வரவேற்றது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ 2016இல் துணிந்து ஒரு படி மேலே போனது: சக்கரம் இருக்கட்டும், வண்டியாகப் பதிவும் இருக்கட்டும், ஆனால் கொல்லையில் அது இரண்டாவது குடியிருப்பு. வீடா வண்டியா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்று சட்டத்திலேயே எழுதிய முன்னோடி நகரம் அது. 2019 இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸும் அந்த வழிக்கு வந்தது.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வாடகை ஏறி, மக்கள் தெருவுக்கு வந்த நேரம். 2017இல் நகரம், தனியார் மனையில் சக்கர வீட்டில் வாழ்கிறவர்களைக் காலி செய்ய வைப்பதை நிறுத்திவைத்தது. 2021இல் அதை நிரந்தர விதியாக்கியது. வீடிருக்கும் மனையில் சக்கர வீடு ஒன்று நிற்கலாம். அங்கே குடியிருப்பவர் இன்று மின் இணைப்புக்கு முறைப்படி அனுமதி கேட்கலாம். வாசலில் ஆய்வாளர் வந்து நின்றால், அவர் பார்க்க வந்தது அந்த வயரை.